தொண்டையில் கை வைத்து

அக்டோபர் 7, திங்கள்

ஷெரின் மிஸ் இன்று எல்லாரையும் ஆளுக்கொரு நோட்டு வாங்கச் சொல்லிவிட்டார். தினமும் செய்த வேலையை இங்கிலீஷில் பத்து வரி எழுதி வகுப்பில் சத்தமாக வாசிக்க வேண்டுமாம். நான் இரண்டு நோட்டு வாங்கினேன். ஒன்று மிஸ்ஸுக்கு, இது எனக்கு. இதில் தமிழில்தான் எழுதுவேன், ஒருத்தியும் திருத்த முடியாது.

முதல் பக்கத்தில் யார், எதற்குப் படிக்கிறோம் என்று எழுதணுமாம். இதிலும் எழுதி வைக்கிறேன். ஜெபக்கனி, வயது முப்பத்தாறு. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆண்கள் ஆபரேஷன் வார்டு நர்ஸ், பதிமூன்று வருஷம். நவம்பர் 23 சனிக்கிழமை ஓ.இ.டி., வெளிநாடு போகிற நர்ஸுகள் எழுதுகிற இங்கிலீஷ் பரீட்சை. பாஸானால் அயர்லாந்து. போன தடவை எழுதுவது, வாசிப்பது, கேட்பது மூன்றிலும் தேறிவிட்டேன், பேசுவதில் மட்டும் ஊத்திக்கிச்சு.

ஏன் ஊத்திக்கிச்சு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நடந்து முடிந்ததைச் சொல்லும்போது "வாஷ்ட்" என்று முடிக்க வேண்டியதை நான் "வாஷெட்" என்கிறேனாம். வாக்கெட், ஹெல்ப்பெட், க்ளீனெட். தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்தில் படித்த காலத்திலிருந்து அப்படித்தான் சொல்கிறேன், ஒரு நோயாளியும் அதனால் செத்துப்போகவில்லை. எழுத்தில் இருக்கிறதே மிஸ், இருக்கிறதைச் சொல்லக்கூடாதென்றால் எதுக்கு எழுதி வைத்தான் என்று கேட்டேன். மிஸ் கொச்சிக்காரி, கோபமே வராது. "அது அங்க வழக்கம் ஜெபா. எழுதறது ஒண்ணு, சொல்றது வேற" என்று சிரித்தார்.

அக்டோபர் 10, வியாழன்

போர்டில் மூன்று பெட்டி போட்டார் மிஸ். முதல் பெட்டியில் வாஷ்ட், ஹெல்ப்ட், செக்ட். கடைசியில் தொண்டை அதிராது. இரண்டாவதில் கால்ட், க்ளீன்ட், டர்ன்ட். அதிரும். மூன்றாவதில் வெயிட்டிட், நீடிட். அதில் மட்டும் இழுத்துச் சொல்லலாம். தொண்டையில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தால் தெரியுமாம். நோட்டில் எழுதினால் முதல் பெட்டிக்கும் இரண்டாம் பெட்டிக்கும் நம்மிடம் ஒரே ட்தான் இருக்கிறது. இரண்டாம் பெட்டி ட்டுக்குக் கீழே ஒரு கோடு போட்டுக்கொள்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தொண்டையில் கை வைத்துக்கொண்டே வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா பையிலிருந்து ஒரு விக்ஸ் மிட்டாய் எடுத்து நீட்டினாள். வாங்கித் தின்றேன், வேறென்ன செய்ய.

வீட்டில் பெனிட்டா, "எம்மா, ஒனக்கு என்ன தொண்டையில, கட்டியா?" என்கிறாள். ஏழாம் வகுப்புக்கு இருக்கிற வாய் அதற்கு. அவள் இப்போதே வாஷ்ட், வாக்ட் என்று சரியாகச் சொல்கிறாள். கார்ட்டூன் பார்த்து வந்ததாம். எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அக்டோபர் 15, செவ்வாய்

துணி மூன்று பக்கெட். அரிசி தீர்ந்தது. தையல் கடையில் சீருடை வாங்கவில்லை.

அனுபவச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஹெப்சிபா மேடம்தான் எங்கள் நர்சிங் சூப்பரின்டென்டென்ட், அவர் கையெழுத்து இல்லாமல் அயர்லாந்துக்காரன் ஒரு காகிதமும் நகர்த்த மாட்டான். "நடத்தையில் குறை இல்லை" என்ற வரியும் அதில் இருக்கணும். மேடம், "ஒனக்கென்ன ஜெபா, கண்ண மூடிக்கிட்டுப் போடலாம்" என்றார். பதிமூன்று வருஷத்தில் ஒரு மெமோ வாங்கினதில்லை நான்.

வீட்டுக்காரர் சாமுவேலிடம் சொன்னேன். லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, "அங்க மழை பெய்யுமாமே, குடை வாங்கிருவோமா?" என்றார். அவருக்கு எல்லாம் விளையாட்டு.

அக்டோபர் 20, ஞாயிறு

பதினாலாம் பெட் தாத்தா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. எழுத மனசில்லை.

மத்தியானம் மிஸ்ஸுக்கு அனுப்பிய வாய்ஸ் நோட்டுக்குப் பதில் வந்திருக்கிறது. "ஹெல்ப்ட் நல்லா வந்திருக்கு. செக்ட் இன்னும் கூர்மையா முடிக்கணும். பின்னால யாரோ பேசற சத்தம் வருது, அமைதியான இடத்துல பதிவு பண்ணுங்க."

அக்டோபர் 21, திங்கள்

இன்று முழுக்க அதே பேச்சு. தாத்தாவின் மகன் வார்டில் நின்று கத்துகிறான், கத்தத்தானே செய்வான். நிர்வாகத்திலிருந்து எல்லாரிடமும் வாக்குமூலம் கேட்டார்கள். கோப்பில் போவதால் இங்கிலீஷில் இருக்கணும்.

என்னுடையது சின்னது. இரண்டு மணிக்குப் பார்த்தேன், நாடி சரி, ரத்த அழுத்தம் சரி, கட்டிலின் பக்கக் கம்பி தூக்கி மாட்டியிருந்தது. சார்ட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. சார்ட்டை எல்லாரும் எப்படிப் போடுவோம் என்று எல்லாருக்கும் தெரியும். பன்னிரண்டு மணிக்குப் போடும்போதே இரண்டு மணிக் கட்டத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டால் ஒரு வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை இருபத்திரண்டு பெட்டுக்கு ஒரே நர்ஸ் என்றால் பின்னே எப்படி? பத்து கையா இருக்கிறது?

வடிவக்காவின் வாக்குமூலத்தையும் நான்தான் எழுதினேன். சுடலைவடிவு அக்கா எங்கள் வார்டு அட்டெண்டர், ஐம்பது வயசிருக்கும். தன் பேரைத் தமிழில் எழுதுவார், அதற்கு மேல் கிடையாது. அட்டெண்டர்கள் சொல்ல, நர்ஸ் எழுதுவதுதான் எப்போதும் வழக்கம். "ஒங்களுக்குத்தான் இப்ப இங்கிலீஷ் தண்ணிபட்ட பாடுல்லா சிஸ்டர், நீங்களே எழுதுங்க" என்று என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அக்கா சொன்னார், எழுதினேன். பெட்பான் வைத்தேன், துடைத்தேன், திருப்பிப் படுக்க வைத்தேன், கம்பியைத் தூக்கினேன், கொக்கி பிடிக்கவில்லை, எட்டாம் பெட்டில் மணி அடித்தது, போனேன், திரும்பி வந்தேன், தாத்தா கீழே கிடந்தார். ஒன்பது வாக்கியம். க்ளீன்ட், டர்ன்ட், ரிட்டர்ன்ட், எல்லாம் இரண்டாம் பெட்டி. இவ்வளவு சுத்தமாக நான் இங்கிலீஷ் எழுதியதே இல்லை. வாசித்துக் காட்டினேன், கையெழுத்துப் போட்டார்.

அக்டோபர் 23, புதன்

வடிவக்காவை சஸ்பெண்ட் பண்ணிவிட்டார்கள். கொக்கி பிடிக்கவில்லை என்று தெரிந்தும் யாரிடமும் சொல்லாமல் நோயாளியை விட்டுப் போனாராம். நவம்பர் 8 விசாரணை. அது முடிந்ததும் வேலையை விட்டே எடுத்துவிடுவார்கள் என்று லேபில் பேசிக்கொள்கிறார்கள். புருஷன் இல்லாத மனுஷி. மூத்தவள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். பாவம்.

இதில் நான் என்ன செய்ய முடியும்?

அக்டோபர் 24, வியாழன்

மிஸ் ஒவ்வொருவரையும் எழுப்பி, உங்கள் வார்டில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள், முடிவு ஒலி சுத்தமாக இருக்கணும் என்றார். என் முறை வந்தது. காலையில் பல் தேய்த்தது, டீ போட்டது என்று ஆரம்பித்தேன். "அது வீடு. வார்டைச் சொல்லுங்க ஜெபா." எழுந்து நின்றேன். ஐ செக்ட் த பேஷன்ட் என்று சொல்ல வேண்டியதுதானே. வாய் திறந்தது, சொல் வரவில்லை. மிஸ் பக்கத்தில் வந்து, "க்கும் ட்டும் சேர்ந்து வந்தா எல்லாருக்கும் கஷ்டம்தான், நாக்கப் பழக்கணும்" என்று ஆறுதல் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பரீட்சை பயம் என்று நினைத்து எல்லாரும் முதுகில் தட்டினார்கள்.

அக்டோபர் 28, திங்கள்

மிஸ்ஸுக்கு அனுப்பிய பழைய வாய்ஸ் நோட்டுகளை அழித்துக்கொண்டிருந்தேன், போனில் இடமில்லை. இருபதாம் தேதி உள்ளது வந்தது. மத்தியானம் 2.07.

துணி அடுக்கி வைக்கிற லினன் ரூமில் கதவைச் சாத்திவிட்டுப் பேசியது. கேட்டேன். ஐ ஹெல்ப்ட் த பேஷன்ட். ஐ செக்ட் த பேஷன்ட். பின்னால் கதவுக்கு வெளியே ஒரு குரல். "சிஸ்டர், பதினாலுல கொக்கி மாட்ட மாட்டேங்கு, ஒரு எட்டு வந்து பாத்துருங்களேன்." அதற்கு நான், "அஞ்சு நிமிசம்க்கா, வாரேன்." உடனே மறுபடி, ஐ செக்ட், ஐ செக்ட், ஐ செக்ட்.

நாலு தடவை கேட்டேன். மிஸ் இதைக் கேட்டிருக்கிறார். யாரோ பேசுகிற சத்தம் என்று எழுதியிருக்கிறார்.

சரி, ஒளித்து என்ன ஆகப்போகிறது, என் நோட்டுதானே. வடிவக்கா அன்றைக்குச் சொன்னது ஒன்பது இல்லை, பத்து. கொக்கி பிடிக்கவில்லை என்றதற்கு அடுத்து, "சிஸ்டரைக் கூப்பிட்டேன், அஞ்சு நிமிசம்னாங்க, நின்னு பாத்தேன்" என்றார். சொல்லும்போது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, குற்றம் சொல்லும் தொனியே இல்லை. மழை பெய்தது என்று சொல்வது மாதிரி சொன்னார். என் பேனா அதைத் தாண்டிப் போய்விட்டது. பேனா என்ன பேனா, நான்தான்.

அந்தப் பதிவை அழிக்கவில்லை. அழிக்காததற்கு எனக்கு யாரும் மெடல் தரப்போவதில்லை.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

ஒவ்வொரு தீபாவளிக்கும் வடிவக்கா முறுக்கும் அதிரசமும் கொண்டுவருவார், கிறிஸ்துமஸுக்கு நான் கேக் கொடுப்பேன். இந்த வருஷம் வர மாட்டார் என்று நினைத்தேன். வரக்கூடாது என்று நினைத்தேன். பத்து மணிக்குத் தூக்குச்சட்டியோடு வாசலில் நிற்கிறார்.

"என்ன, மெலிஞ்சு போயிட்டீக சிஸ்டர்? படிப்பு படிப்புன்னு சாப்பிடாம கெடக்கீகளோ?"

என்னைப் பார்த்துக் கேட்கிறார், இதை! உட்காரச் சொன்னேன். காப்பி போட்டேன். எட்டாம் தேதி பயமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"எனக்கென்ன பயம்? நான் செஞ்சது, கூப்பிட்டது, நின்னது, எல்லாம் அந்தப் பேப்பர்ல இருக்குல்லா. நீங்கதானே எழுதுனீக. பெரிய டாக்டர் அத வாசிச்சா அவியளே விட்டுருவாவ." காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஒங்களத்தான் ஒண்ணு ரெண்டு சொல்லுவாவளோன்னு இருக்கு. படிச்சிக்கிட்டு இருந்தாவன்னு நான் சொல்லல கேட்டியளா, அஞ்சு நிமிசம்னாவன்னு மட்டும்தான் சொன்னேன். அது தப்பா எடுத்துக்கிடாதீக."

காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய் நின்றுவிட்டேன். அதிரசத்தில் ஒன்றைக்கூட என்னால் தின்ன முடியவில்லை. பெனிட்டா நாலு தின்றாள்.

நவம்பர் 2, சனி

தலைவலி. கல்லறைத் திருநாளுக்குச் சர்ச்சுக்குப் போகவில்லை, வகுப்புக்கும் போகவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

மேடம் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் என் அனுபவச் சான்றிதழ், கவருக்குள் இருந்தது. கையெழுத்து இன்னும் போடவில்லை. "வெள்ளிக்கிழம விசாரணையில நீயும் இரு. சார்ட்டுல உள்ளத அப்படியே சொல்லிரு, பத்து நிமிஷம். முடிஞ்சதும் இத வாங்கிட்டுப் போ" என்றார். வெறும் வேலை விஷயமாகத்தான் சொன்னார். எனக்கு அது வேறு மாதிரி கேட்டது.

வீட்டில் சாமுவேலிடம் பாதி சொன்னேன். அக்கா என்னைக் கூப்பிட்டார் என்பது மட்டும். எழுதாமல் விட்டதைச் சொல்ல வாய் வரவில்லை.

கேட்டுவிட்டு, "கூப்பிட்டது யாருக்கும் தெரியுமா?" என்றார்.

"அவங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்."

"பேசாம இருந்திரு ஜெபா. பதினெட்டு நாள்தான். பாஸ் பண்ணிட்டு அங்க போயி அந்த அக்காவுக்கு மாசாமாசம் ஏதாவது அனுப்பிருவோம்." நல்ல மனுஷன்தான். பெனிட்டாவை நினைத்துத்தான் சொல்கிறார். நானும் அதைத்தான் பதினைந்து நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வாயில் கேட்டபோதுதான் எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது. அவர் மேல் கத்தினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

நவம்பர் 7, வியாழன்

வகுப்பு. மிஸ் என்னைப் பேசச் சொன்னார். பத்து வாக்கியமும் சொன்னேன், வடிவக்கா வாயால் சொல்வதாக. முடிவு ஒலி ஒன்றுகூடத் தவறவில்லை. வகுப்பே கைதட்டியது. "கதை ரொம்ப உண்மையா இருந்தது, நீங்களே யோசிச்சதா?" என்றார் மிஸ். ஆமாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

பதினோரு மணிக்கு நிர்வாக அறை. நிர்வாக அதிகாரி, எலும்பு டாக்டர், ஹெப்சிபா மேடம். வடிவக்கா கத்தரிப்பூக் கலர் சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து, கல்யாண வீட்டுக்கு வருவது போல வந்திருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதிகாரி தமிழில்தான் கேட்டார். "கொக்கி மாட்டலன்னு தெரிஞ்சும் ஏம்மா ஒருத்தருக்கும் தகவல் சொல்லல?"

"எல்லாம் அந்தப் பேப்பர்ல சொல்லியிருக்கேன் சார்."

அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "இதுலயா?" என்று மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னிடம் நீட்டி, "நீதானே எழுதுன, வாசி" என்றார்.

எழுந்து நின்று வாசித்தேன். ஐந்து வாக்கியம் வரை தாளில் இருந்தது. ஆறாவதற்குத் தாளைப் பார்க்கவில்லை. ஐ கால்ட் த சிஸ்டர். ஷி ஆஸ்க்ட் மி டு வெயிட் ஃபைவ் மினிட்ஸ். ஐ வெயிட்டிட். மீதி நாலையும் வாசித்து முடித்தேன்.

எலும்பு டாக்டர் நிமிர்ந்தார். மேடம் என் கையிலிருந்து தாளை வாங்கி விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தார். "கூப்பிட்டேன்னு இதுல எங்க இருக்கு?"

"இல்ல மேடம். அக்கா சொன்னாங்க. நான் எழுதல. இரண்டு மணிக்கு நான் ரவுண்ட்ஸும் போகல, சார்ட்ட முதல்லயே போட்டு வச்சிருந்தேன். லினன் ரூம்ல பரீட்சைக்குப் பேசிப் பழகிட்டு இருந்தேன். போன்ல பதிவு இருக்கு, அக்கா கூப்பிட்டது அதுல கேக்கும்."

இதையும் இங்கிலீஷில்தான் சொன்னேன். ஏன் என்று இப்போது தெரிகிறது. அந்தப் பாஷையில் ஒவ்வொரு வார்த்தையின் வாலையும் பிடித்துக்கொண்டு போனால் போதும், தலையைப் பார்க்க வேண்டாம்.

மேடம் தான் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்த என் கவரை எடுத்து ஃபைலுக்குள் வைத்து மூடினார். கோபமாகக்கூட இல்லை.

வடிவக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்ன சிஸ்டர்? என்ன சொன்னீக? ஏன் எல்லாரும் இப்படி இருக்காவ?"

அப்போதுதான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தமிழில் அதைச் சொல்ல எனக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. "நீங்க என்னக் கூப்பிட்டீங்கல்லாக்கா, அது பேப்பர்ல இல்ல. நான் வேணும்னேதான் எழுதாம விட்டேன்."

அவர் நம்பவில்லை. சிரித்தார். "நீங்க என்ன சிஸ்டர், பயத்துல ஒளறுதீக. அன்னைக்கு எனக்கு வாசிச்சுக் காட்டும்போது இருந்துச்சே. சிஸ்டரக் கூப்பிட்டேன், அஞ்சு நிமிசம்னாவ, நின்னு பாத்தேன்னு நீங்கதானே வாசிச்சீக. கேட்டுட்டுத்தானே நான் கையெழுத்து போட்டேன்."

இதை இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை. ஆமாம், வாசித்தேன். இல்லாத வரியைத் தாளில் இருப்பதுபோல் பார்த்து, அழகாக, தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"வாசிச்சேன்க்கா. எழுதல."

சிரிப்பு அப்படியே நின்றது. திட்டுவார், அழுவார் என்று காத்திருந்தேன், அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் மேடத்திடம் கையை நீட்டி அந்தத் தாளை வாங்கினார். கீழே தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு மேலே இருந்த இங்கிலீஷ் வரிகளை, கண்ணைச் சுருக்கி, மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அப்ப மிச்சத்துல நான் சொன்னது எது, நீங்க சொன்னது எது?"

என்னிடம் கேட்கவில்லை. அதிகாரியைப் பார்த்துக் கேட்டார். "நீங்க வாசிச்சுச் சொல்லுங்க சார்" என்று தாளை அவர் முன்னால் வைத்துவிட்டு, எனக்கு அடுத்திருந்த நாற்காலியை விட்டு எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியைத் தமிழில் சொன்னார். வடிவக்கா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இது நான் சொன்னது" என்றார்.